பாண்டிக்குப் போனா வாய்க்காலைத் தாண்டுங்க

"வீக்கெண்டுக்குப் பாண்டி போறோம், என்னென்ன பார்க்கலாம்?" இந்தக் கேள்விக்குப் பதிலா உங்க போன்லயே நூறு வீடியோ கிடைக்கும். மஞ்சச் சுவர், போகன்வில்லா, ஒரு சைக்கிள், ஒரு குரோசாண்ட். அதை நான் வேணாம்னு சொல்லல, குரோசாண்ட் நல்லாத்தான் இருக்கும். ஆனா அந்த மஞ்சத் தெருக்கள் ஏன் அங்க இருக்குன்னு யாரும் சொல்றதில்ல. பிரெஞ்சுக்காரங்க எதுக்காக இந்தக் கரைக்கு வந்து, அடி வாங்கி, ஊரையே இழந்து, திரும்பத் திரும்ப வந்தாங்க? ஒத்தை வார்த்தையில பதில்: துணி. இன்னிக்கு அந்தத் துணியைப் பிடிச்சுக்கிட்டே ஊரைச் சுத்துவோம்.

விடியக்காலையில பீச் ரோட்டுல ஆரம்பிங்க. சாயங்காலம் ஆறு மணியிலிருந்து காலை ஏழரை வரைக்கும் அங்க வண்டி விடமாட்டாங்க, நிம்மதியா நடக்கலாம். காந்தி சிலையைச் சுத்தி நிக்கிற கருங்கல் தூண்கள் செஞ்சிக் கோட்டைப் பக்கத்திலிருந்து வந்ததா சொல்றாங்க. 1750ல பிரெஞ்சுப் படை செஞ்சியைப் பிடிச்சுது, அப்ப கிடைச்ச பொருள். செல்ஃபி எடுக்கும்போது பின்னாடி நிக்கிறது ஒரு போரோட கொள்ளைன்னு தெரிஞ்சுக்கிட்டு எடுங்க.

இப்ப கடலைப் பாருங்க. பெரிய கப்பல் ஒதுங்க இங்க இயற்கையா ஒரு இடமும் கிடையாது. அந்தக் காலத்துல கப்பல் தூரத்துல நங்கூரம் போட்டு நிக்கும். கரையிலிருந்து சரக்கை எடுத்துக்கிட்டு அலையைத் தாண்டிப் போனது சலங்கு. ஆணி அடிக்காம, பலகைகளைக் கயிறால தைச்சுக் கட்டின படகு. அலை மோதும்போது உடையாம வளைஞ்சு கொடுக்கும். மூட்டை மூட்டையா துணி கப்பலுக்குப் போய்ச் சேர்றது அந்தப் படகோட்டிகள் கையிலதான் இருந்துது. 1860களில்தான் இரும்புல ஒரு துறைப் பாலம் கட்டினாங்க. 1952ல அடிச்ச புயல்ல அதுவும் போயிடுச்சு.

பீச்னு வந்தா ஏன் இவ்வளவு பாறை கிடக்குன்னு கேப்பீங்க. அந்தப் பாறையெல்லாம் லாரியில கொண்டுவந்து கொட்டினது. இந்தக் கரையில வருஷம் பூரா பார்த்தா மணல் தெற்கிலிருந்து வடக்கா நகரும். 1980களின் கடைசியில தெற்கே, அரியாங்குப்பம் ஆத்து முகத்துல துறைமுகத்துக்காகக் கல்சுவர் கட்டினாங்க. மணல் அங்கயே நின்னுடுச்சு, ஊர்க்கரை அரிச்சுப் போச்சு. சமீபத்துல கடலுக்குள்ள ஒரு தடுப்பு அமைச்சதுல, தலைமைச் செயலகத்துக்கு எதிர்ல கொஞ்சம் மணல் திரும்பி வந்திருக்கு. இது தனி எபிசோடுக்கான விஷயம், இப்ப நகருவோம்.

மேற்கே திரும்பி நேர்க்கோடு போட்ட தெருக்களுக்குள்ள நடங்க. 'பிரெஞ்சு டவுன்'னு சொல்ற இந்தக் கட்டம் கட்டமான அமைப்புக்குக் கோடு போட்டதே டச்சுக்காரங்க! பிரெஞ்சுக் கம்பெனி 1674ல இங்க கால் வெச்சுது. 1693ல டச்சுக்காரங்க ஊரைப் பிடிச்சாங்க, 1699ல திருப்பிக் கொடுத்தாங்க. நடுவுல அவங்க போட்ட வரைபடத்துல நெசவாளர்களுக்கும் இடம் ஒதுக்கியிருந்தாங்க. பிரெஞ்சுக்காரங்க அந்த வரைபடத்தை அப்படியே எடுத்துக்கிட்டாங்க.

அப்புறம் 1761. ஆங்கிலேயர்கள் பல மாசம் முற்றுகை போட்டு, ஊரைப் பட்டினி போட்டு, ஜனவரியில உள்ள வந்தாங்க. கோட்டையை, மாளிகைகளை, வீடுகளை இடிச்சுத் தரைமட்டம் ஆக்கினாங்க. 1765ல ஊர் பிரெஞ்சுக்காரங்ககிட்ட திரும்பி வந்தப்ப அது இடிபாடு. ஆக, நீங்க போட்டோ எடுக்கிற எந்த மஞ்ச வீடும் துய்ப்ளே காலத்து வீடு கிடையாது. எல்லாம் அதுக்கு அப்புறம் எழும்பினது. தெற்கு முனையில துய்ப்ளே சிலையா நிக்கிறார். அவர் ஆண்ட ஊர் அந்தச் சிலைக்கு முன்னாடியே மண்ணாப் போச்சு.

கடலிலிருந்து பத்து நிமிஷம் நடந்தா பெரிய வாய்க்கால் வரும். நிறையப் பேர் இங்கயே யூ-டர்ன் போட்டுடுவாங்க. வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர் ஊர், மேற்கே 'கருப்பர் ஊர்'. பிரெஞ்சு வரைபடங்கள்லயே அப்படித்தான் எழுதியிருக்கும். தாண்டுங்க. கதை அந்தப் பக்கம்தான் இருக்கு.

மிஷன் வீதியில சம்பா கோயில் இருக்கு. இப்ப இருக்கிற மாதா கோயில் 1761 இடிபாட்டுக்கு அப்புறம் கட்டினது. அதுக்குப் பக்கத்துல ஒரு காலத்துல வேதபுரீஸ்வரர் கோயில் இருந்துது. 1700களின் தொடக்கத்துல, பாதிரிமார்களோட நெருக்கடியால அந்தக் கோயில் வழிபாட்டுக்குத் தடை வந்தப்ப என்ன நடந்துது தெரியுமா? ஊர் ஜனங்க கூட்டம் கூட்டமா மூட்டை கட்டினாங்க. "நாங்க ஊரை விட்டுப் போறோம்"னாங்க. அவ்வளவுதான். ஆளுநர் பிரான்சுவா மார்த்தேன் பின்வாங்கிட்டார். துப்பாக்கி அவர்கிட்ட இருந்துது, ஆனா தறி அவங்ககிட்ட இருந்துது. நெசவாளர், வண்ணார், சாயக்காரர், வணிகர் எல்லாரும் போயிட்டா கப்பல்ல என்னத்தை ஏத்துறது? பாண்டிச்சேரி வரலாத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான்.

ஆனா அந்த அஸ்திரம் எப்பவும் வேலை செய்யல. 1748 செப்டம்பர்ல, ஆங்கிலேயக் கப்பற்படை ஊரை முற்றுகை போட்டிருந்த நேரத்துல, அதே கோயிலை இடிச்சாங்க. இதைப் பத்தி நமக்குத் தெரியறதுக்கு முக்கியக் காரணம் ஆனந்தரங்கப் பிள்ளை. துபாஷ், துணி வியாபாரி, 1736லிருந்து தமிழ்ல நாட்குறிப்பு எழுதினவர். கோயில் இடிஞ்சதையும், தன்னால தடுக்க முடியாமப் போனதையும் அதுல எழுதி வெச்சிருக்கார். முன்னாடி பலிச்ச மிரட்டல் இப்ப ஏன் பலிக்கல? எனக்குத் தோணுறது, வெளியில குண்டு விழுந்துக்கிட்டு இருக்கிற ஊர்ல "வெளியேறிடுவோம்"ங்கிறதுக்கு மதிப்பு இல்ல. முற்றுகை நடக்கும்போது ஏத்துமதியும் கிடையாது. தறிக்குப் பலம் இல்லாத ஒரு மாசம் பார்த்துக் காரியத்தை முடிச்சிருக்காங்க.

அவரோட வீடு ரங்கப் பிள்ளை வீதியில, பெரிய மார்க்கெட் பக்கத்துல இருக்கு. உள்ள விடுவாங்கன்னு எதிர்பார்க்காதீங்க, வெளியிலிருந்தே பாருங்க. கீழ்த்தளத்து மரத்தூண் தமிழ், மேல்தளத்துத் தூண் பிரெஞ்சு. பிள்ளை 1761 ஜனவரி 12ல இறந்தார். நாலு நாள் கழிச்சு ஆங்கிலேயர் ஊருக்குள்ள வந்துட்டாங்க. அவர் எழுதி எழுதிப் பார்த்த ஊர் இடிபடறதை மட்டும் அவர் பார்க்கல.

வைசியாள் வீதி வழியா போனா திண்ணையும் தாழ்வாரமும் வெச்ச தமிழ் வீடுகள் வரிசையா இருக்கும். வெயில்ல வர்றவனுக்கு நிழல் கொடுக்கிற தெரு. வெள்ளையர் ஊர்ல மதில்சுவர் உங்களைத் தெருவுல நிக்கவைக்கும், இங்க வீடே தெருவுக்கு வந்து உக்காந்திருக்கும். சாப்பாட்டு நேரமும் ஆகியிருக்கும், மார்க்கெட்டைச் சுத்தி ஏதாவது ஒரு மெஸ்ல உக்காருங்க.

சாப்பிட்டுட்டு ஒரு ஆட்டோ பிடிச்சு ரயில்வே ஸ்டேஷனைத் தாண்டிக் கடலூர் சாலைப் பக்கம் போங்க. இங்கதான் துணிக் கதையோட அடுத்த பாகம். 19ஆம் நூற்றாண்டுல பாண்டியோட பெரிய ஏத்துமதி 'கினே'ன்னு ஒரு நீலத்துணி. அவுரிச் சாயத்துல கருநீலமா முக்கி எடுத்தது. பிரான்ஸ் வழியா ஆப்பிரிக்காவுல செனகலுக்குப் போகும். அங்க வேலம்பிசின் வாங்க இந்தத் துணிதான் காசு மாதிரி நடந்துது. அதுக்கு முந்தின நூற்றாண்டுல இதே மாதிரி இந்தியத் துணிகளைக் கொடுத்து ஆப்பிரிக்கக் கரையில மனுஷங்களையே அடிமையா வாங்கினாங்க. முத்தியால்பேட்டைத் தறியில உக்காந்திருந்தவருக்கு இதெல்லாம் தெரிஞ்சிருக்க வாய்ப்பே இல்ல.

இந்த வியாபாரத்துக்காகத்தான் 1820களின் கடைசியிலயே இங்க சவானா மில் வந்துது. அப்புறம் மக்கள் வாயில 'ரோடியர் மில்'னு வழங்கின ஏ.எஃப்.டி., கெப்ளே மில்னு ஊரே மில் சங்கு சத்தத்துல எழுந்திருக்க ஆரம்பிச்சுது. உள்ள வேலை நேரத்துக்கு அளவே இல்ல. 1936 ஜூன்ல பிரான்ஸ்ல மக்கள் முன்னணி அரசு வாரத்துக்கு 40 மணி நேர வேலை, சம்பளத்தோட விடுமுறைன்னு சட்டம் கொண்டுவந்துது. அதே பிரெஞ்சுக் கொடி பறந்த பாண்டியில, அடுத்த மாசம் ஜூலை 30ஆம் தேதி, எட்டு மணி நேர வேலையும் சங்க உரிமையும் கேட்டுப் போராடின சவானா மில் தொழிலாளர்கள் மேல துப்பாக்கிச் சூடு. 12 பேர் செத்தாங்க. செய்தி பாரீஸ் வரைக்கும் போச்சு. போராட்டத்தை வழிநடத்தின வ. சுப்பையா பிரான்சுக்கே போய்ப் பேசினார். 1937ல எட்டு மணி நேரம் சட்டமாச்சு. இன்னிக்கும் வருஷா வருஷம் ஜூலை 30 அன்னிக்குத் தொழிற்சங்கங்கள் அஞ்சலி செலுத்துறாங்க. நீங்க எட்டு மணி நேர ஷிஃப்ட்டு முடிச்சு லாகவுட் பண்ணிட்டு வெள்ளிக்கிழமை ராத்திரி ஈசிஆர்ல பஸ் ஏறுறவரா இருந்தா, அந்த இடத்துல ஒரு நிமிஷம் நில்லுங்க.

மில்லுங்க மூணும் இப்ப மூடிக் கிடக்கு. சவானா 'சுதேசி' ஆச்சு, கெப்ளே 'பாரதி' ஆச்சு, அரசாங்கமே எடுத்து நடத்தியும் நிக்கல. ஏ.எஃப்.டி. 2011 தானே புயல்ல கூரை பிய்ஞ்சு, 2020ல மொத்தமா நின்னுது. திடல்ல இப்ப பொருட்காட்சி, அரசியல் கூட்டம் நடக்குது. இந்த இடங்களை என்ன செய்யலாம்னு அடிக்கடி பேச்சு வரும். மஞ்ச வீடுகளுக்குக் கிடைச்ச பாரம்பரியப் பட்டியல் இந்தச் செங்கல் சுவர்களுக்கும் கிடைக்கணும்ங்கிறது என் கட்சி. பிரெஞ்சுப் பாண்டிக்குச் சோறு போட்டது இந்தப் பக்கம்.

இன்னும் ஒரு பொழுது இருந்தா அரிக்கமேடு. ஊருக்குத் தெற்கே அரியாங்குப்பம் ஆத்தங்கரையில. பெருசா பார்க்க ஒண்ணும் இல்ல, மாந்தோப்பும் இடிஞ்ச சுவரும்தான். 1945ல மார்ட்டிமர் வீலர் இங்க தோண்டினார். ரோமானிய மண்பாண்ட ஓடுகளோட சில செங்கல் தொட்டிகளும் கிடைச்சுது. துணிக்குச் சாயம் போடுற தொட்டியா இருக்கும்னு அவர் சொன்னார். பின்னாடி வந்தவங்க அதைச் சந்தேகப்பட்டாங்க, விவாதம் இன்னும் முடியல. தோண்டியெடுத்த பொருட்களைப் பார்க்கணும்னா ஊருக்குள்ள அருங்காட்சியகம் இருக்கு. திங்கக்கிழமை லீவு.

ஞாயித்துக்கிழமை கிளம்புறதுக்கு முன்னாடி காந்தி வீதிக்கு வாங்க. காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் தெரு முழுக்க சந்தை. பாதிக்கு மேல துணிதான். சட்டை, பேண்ட், நைட்டி, லுங்கி, தரையில குமிச்சுப் போட்டு ஏலம் விடுற மாதிரி கூவிக்கிட்டே விப்பாங்க. பேரம் பேசலாம். துணி எங்கிருந்து வருதுன்னு கேட்டுப் பாருங்க. திருப்பூர், ஈரோடு, சூரத்னு சொல்வாங்க.