தாத்தாவின் கேள்வியும் மழைக் கணக்கும்



சென்ற ஆண்டு பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் பிள்ளைகளின் அறிவியல் பாடத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். பூமி சூடாகி வருகிறது, மழையின் போக்கு மாறுகிறது, வெள்ளம் கூடுகிறது என்று நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, பின்வரிசையில் பேரனை மடியில் வைத்துக்கொண்டிருந்த ஒரு தாத்தா எழுந்து நின்றார்.

"வெள்ளம் என்ன புதுசா, டீச்சர்? எங்கப்பா சின்னப் பிள்ளையா இருக்கையிலேயே ஊரே முழுகிப் போச்சாம். அப்ப ஏது இத்தனை காரு, இத்தனை பேக்டரி?"

கூட்டத்தில் ஒரே சிரிப்பு. எனக்கோ உடனே பதில் வரவில்லை. தேநீர் ஆறுகிறது என்று சொல்லிக் கூட்டத்தை முடித்துவிட்டேன். ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. பரிசளிப்பு விழா மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று தலைமையாசிரியர் கேட்டபோது, அந்தத் தாத்தாவுக்கே பதில் எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்தேன்.

தாத்தா சொன்னது உண்மைதான். 1926-ஆம் ஆண்டு டிசம்பர் கடைசியில் மலாயாவையே ஒரு பெருவெள்ளம் புரட்டிப் போட்டது. கிளந்தான், பகாங், பேராக் என்று ஆறுகள் எல்லாம் கரை புரண்டன. கோலாலம்பூர்த் தெருக்களிலும் தண்ணீர் ஓடியது. கிளந்தான் மலாய்க்காரர்கள் அதனைச் சிவப்புநீர் வெள்ளம் என்று பெயரிட்டுப் பேசினார்கள். வந்தது வெறும் தண்ணீர் அல்ல, சேறு. அந்தச் சேறு என்ற சொல்லைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள்.

சிலாங்கூரில் கோலகுபு பாரு என்று ஓர் ஊர் இருக்கிறது. பாரு என்றால் புதியது. அப்படியானால் பழைய கோலகுபு எங்கே போயிற்று? மண்ணுக்கு அடியில் போயிற்று. 1883-இல் அவ்வூருக்கு மேலே இருந்த பழைய அணை உடைந்து, ரேங்கிங் என்ற ஆங்கில அதிகாரியும் பலரும் மாண்டார்கள். அவர் ஆற்றிலிருந்த வெள்ளை முதலையைச் சுட்டதால்தான் அணை உடைந்தது என்பது ஊரார் கதை. பிள்ளைகளுக்கு முதலைக் கதைதான் பிடிக்கும், எனக்குத் தெரியும்! ஆனால் ஊரை முழுதாக அழித்தது முதலையும் அல்ல, அணையும் அல்ல. ஆற்றின் மேற்பகுதியில் ஈய லம்பங்கள் பெருகின. மலைச்சரிவுகளைத் தண்ணீர் பாய்ச்சிக் கரைத்து ஈயத்தை எடுத்துக்கொண்டு, மிஞ்சிய மணலையும் சேற்றையும் ஆற்றில் விட்டார்கள். ஆற்றுப் படுகை ஆண்டுக்காண்டு உயர்ந்தது. மழை வந்தால் தண்ணீர் ஊருக்குள் வந்தது. வற்றினால் மணல் மட்டும் தங்கியது. கடைசியில் அரசாங்கமே ஊரைக் கைவிட்டு, மேட்டு நிலத்தில் புதிய ஊரைக் கட்ட வேண்டியதாயிற்று. அதற்குத் திட்டம் போட்டவர் சார்ல்ஸ் ரீட் என்ற நகரமைப்பு நிபுணர். 1930-ஐ ஒட்டி மக்கள் புதிய ஊருக்குக் குடியேறினார்கள்.

ஆக, காரும் பேக்டரியும் பெருகாத காலத்திலேயே மனிதன் செய்த வேலை ஓர் ஊரை மூழ்கடித்திருக்கிறது, தாத்தா.

நம் தோட்டங்களின் கதையும் இதற்குத் தூரமில்லை. 1877-இல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து 22 ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தன. அவற்றில் ஒன்பது கோலகங்சாரில் நடப்பட்டன. அடுத்த ஐம்பது ஆண்டுக்குள் மேற்குக் கரை நெடுகிலும் காடு அழிந்து பால்மரமாகிவிட்டது. காட்டை வெட்டிச் சாய்த்துத் தீ வைத்தவர்கள் வேறு வேறு இனத்தவர்கள் என்றாலும், அதன்பின் அந்த மண்ணைச் சுரண்டிச் சுத்தமாக வைத்திருந்தவர்கள் நம்மவர்களே. ஒரு புல் தலைகாட்டினாலும் கங்காணி வசைபாடுவார். மரத்துக்கு மரம் இடையில் தரை மொட்டையாக இருந்தால்தான் நல்ல தோட்டம் என்று துரைமார்கள் எண்ணினார்கள். நம் பாட்டிமார்கள் வெயிலில் குனிந்து பிடுங்கிய களை, உண்மையில் மண்ணைப் பிடித்து வைத்திருந்த கை. மொட்டை மண்ணில் மழை அடித்தது. மேல்மண் கரைந்து ஓடையில் போயிற்று. பிறகுதான் புத்தி வந்து, மரங்களுக்கிடையே பயறு வகைக் கொடிகளை மூடுபயிராகப் படரவிட்டார்கள். சரிவுகளில் படி வெட்டினார்கள். 1925-இல் அமைக்கப்பட்ட ரப்பர் ஆராய்ச்சிக் கழகமும் இந்த மண் காக்கும் வேலையைத் தோட்டங்களுக்குப் போதித்தது. யார் சொல்லிக் களை பிடுங்கினார்களோ அவர்களே இப்போது கொடி வளர்க்கச் சொன்னார்கள். கூலி மட்டும் அதே கூலிதான்!

இது மண்ணின் கணக்கு. இனி காற்றின் கணக்கு. அதற்கு முன் மழைக் கணக்கு ஒன்று உண்டு. அது நம் வீட்டுச் சொத்து.

என் பாட்டி முப்பது ஆண்டு பால் வெட்டியவர். விடியலில் மழை பிடித்தால் அன்று வேலை இல்லை. ஈரப் பட்டையில் பால் கோட்டை விட்டு வழிந்துவிடும், மங்கிலும் தண்ணீர் நிறைந்துவிடும். வேலை இல்லாவிட்டால் பேர் விழாது. ஆகவே மழை என்பது அவருக்கு அரிசிக் கணக்கு. ஆபீஸ் முன்னால் வேலி போட்டு ஒரு செம்புப் பாத்திரம் புதைத்திருப்பார்களாம். கிராணி ஐயா காலையில் வந்து, அதில் விழுந்த தண்ணீரைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி அளந்து புத்தகத்தில் எழுதுவாராம். "மானம் பெஞ்சத எதுக்கு எழுதணும், நமக்குத்தான் தெரியுதே" என்று பாட்டி கேலி செய்வார்.

ஏன் எழுத வேண்டும்? ஒரு நாள் மழை என்பது வானிலை. முப்பது ஆண்டு மழையைச் சேர்த்துப் பார்த்தால்தான் அது பருவநிலை. மனித நினைவு பெரிய மழையை மட்டும் வைத்துக்கொண்டு சின்ன மழையை மறந்துவிடும். கிராணியின் புத்தகம் மறக்காது. இந்நாட்டில் தோட்டங்கள் பல இப்படி எழுதி வைத்ததால்தான் பழைய மழையைப் பற்றி இன்று நாம் பேச முடிகிறது.

காற்றையும் இப்படி அளந்தவர்கள் இருக்கிறார்கள். வானம் மூடியிருக்கும் இரவில் லயத்து வீட்டில் புழுங்கும். தெளிந்த இரவில் விடியற்காலம் குளிரும். போர்வை இருப்பதும் இல்லாததும்தான் வித்தியாசம். பூமிக்கும் இப்படி ஒரு காற்றுப் போர்வை உண்டு. 1824-இல் பிரெஞ்சு அறிஞர் ஃபூரியே இதனை எடுத்துச் சொன்னார். 1856-இல் அமெரிக்காவில் யூனிஸ் ஃபூட் என்ற பெண்மணி கண்ணாடிக் குழாய்களில் வெவ்வேறு வாயுக்களை அடைத்து வெயிலில் வைத்துப் பார்த்தார். கரியமில வாயு இருந்த குழாய்தான் அதிகமாகச் சூடேறியது. ஆறவும் நெடுநேரம் பிடித்தது. இந்த வாயு காற்றில் கூடினால் பூமி சூடாகும் என்று எழுதிவைத்தார். அவருடைய கட்டுரையைச் சபையில் படித்தவர் ஓர் ஆண். பெயரையும் உலகம் நூறாண்டுக்கு மேல் மறந்துபோயிற்று. நம் பெண் பிள்ளைகள் அந்தப் பெயரை நோட்டில் எழுதிக்கொள்ளட்டும். சில ஆண்டுகளில் டிண்டால் என்பவர் துல்லியமான கருவி கொண்டு, கரியமில வாயுவும் நீராவியும் வெப்பத்தைப் பிடித்து வைப்பதை நிறுவினார். 1896-இல் சுவீடன் நாட்டு அர்ரேனியஸ், கரியமில வாயு இரட்டிப்பானால் பூமி ஐந்தாறு டிகிரி சூடாகும் என்று கையாலேயே கணக்குப் போட்டார். இன்றைய கணக்கைவிட அது கொஞ்சம் கூடுதல். பூமி சூடானால் நல்லதுதானே என்றும் அவர் நினைத்தார். பனியில் வாழ்ந்தவருக்கு அப்படித்தான் தோன்றும்!

போர்வையே இல்லாவிட்டால் பூமியின் சராசரி வெப்பம் உறைநிலைக்குக் கீழே 18 டிகிரிக்குப் போய்விடும். ஆகவே போர்வை வேண்டும். அது தடித்துக்கொண்டே போவதுதான் சங்கடம். தடிக்கிறதா என்று எப்படித் தெரிந்தது? 1958 மார்ச்சில் கீலிங் என்ற அமெரிக்கர், ஹவாய்த் தீவின் மவுனா லோவா மலையில், ஆலைப் புகை எட்டாத உயரத்தில், காற்றை அளக்கத் தொடங்கினார். முதல் அளவு, பத்து லட்சம் பங்குக் காற்றில் 313 பங்கு கரியமில வாயு. செடிகொடிகள் தழைக்கும் காலத்தில் அது சற்றுக் குறைந்தது, இலை உதிரும் காலத்தில் கூடியது. பால்மரம் இலை கொட்டித் துளிர்ப்பதுபோல் உலகமே மூச்சு விடுவதை அந்தக் கோடு காட்டியது. ஆனால் ஒவ்வோராண்டும் கோடு போன ஆண்டைவிட மேலேயே நின்றது. கீலிங் 2005-இல் மறையும் வரை அந்த வேலையை விடவில்லை. அதன்பின் மகன் தொடர்ந்தார். 2024-இன் சராசரி 424. நிலக்கரியும் எண்ணெயும் எரிக்கும் காலத்துக்கு முன்னால் அது 280 தான் என்று, துருவப் பனிக்கட்டிக்குள் சிக்கிய பழங்காற்றை எடுத்து அளந்து சொல்கிறார்கள். கிராணி ஐயா செய்த அதே வேலைதான், பாருங்கள்.

பூமி 2011 முதல் 2020 வரையிலான பத்தாண்டில், பத்தொன்பதாம் நூற்றாண்டின் பின்பாதியைவிடச் சராசரி 1.1 டிகிரி சூடாக இருந்தது. "ஒரு டிகிரிக்கா இவ்வளவு பேச்சு?" என்பீர்கள். காற்று ஒரு டிகிரி சூடானால் ஏறக்குறைய நூற்றுக்கு ஏழு பங்கு கூடுதல் நீராவியைச் சுமக்கும். சுமந்ததை ஒரு நாள் இறக்கத்தானே வேண்டும்?

2021 டிசம்பர் 18-ஆம் நாள் சிலாங்கூரிலும் கோலாலம்பூரிலும் ஒரு மாத மழை ஒரே நாளில் கொட்டியது உங்களுக்கு நினைவிருக்கும். ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் என் சித்தப்பா குடும்பம் கூரைமேல் ஓர் இரவைக் கழித்தது. அவர்களும் தோட்டத்திலிருந்து வெளியேறி, சிறுகச் சேர்த்து வீடு வாங்கியவர்கள்தான். அந்த மாத வெள்ளங்களில் நாடெங்கும் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். இந்த ஒரு வெள்ளத்தைக் காட்டி, பூமி சூடானதுதான் காரணம் என்று நான் சாதிக்கமாட்டேன். பள்ளமான நிலம், அடைத்த கால்வாய், மொட்டையான மேடு எல்லாம் சேர்ந்துதான் வெள்ளம். தாத்தாவின் அப்பா காலத்திலும் அப்படித்தான். அன்று மேலே இருந்த காற்றில் இன்றிருக்கும் அளவு சூடு இல்லை. அதுதான் புதிதாகச் சேர்ந்திருப்பது.

அப்படியானால் நம்மால் ஆவது ஒன்றுமில்லையா என்று கேட்டால், ஒன்றை மட்டும் சொல்வேன். 1970-களில் செம்பனை ஆலைக் கழிவு ஆறுகளில் அப்படியே இறங்கியது. தண்ணீர் கறுத்து மீன்கள் மிதந்ததைப் பெரியவர்கள் சொல்வார்கள். 1974-இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் வந்தது. 1977-இல் செம்பனை ஆலைகளுக்கென்றே விதிகள் வந்தன. கழிவின் அழுக்கை ஒரு லிட்டரில் எவ்வளவு ஆக்சிஜன் தின்கிறது என்று அளப்பார்கள். 1978-இல் 5,000 மில்லிகிராம் வரை அனுமதித்தவர்கள், ஆண்டுக்காண்டு இறுக்கி 1984-இல் 100-க்குக் கொண்டுவந்தார்கள். ஆலைகளும் மூடவில்லை, ஆறுகளும் பெரும்பாலும் தேறின. ஆலைக்குப் பின்னால் வரிசையாக இருக்கும் அந்த நாற்றக் குளங்கள் எதற்கு என்று இனி பிள்ளைகள் கேட்டால் சொல்லுங்கள்.

இவ்வாண்டு தொடக்கத்தில் பள்ளிக் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகள் ஒரு மழைமானி வைத்திருக்கிறார்கள். நேரான போத்தலின் கழுத்தை வெட்டிக் கவிழ்த்துச் செருகியது, அவ்வளவுதான். காலை எட்டு மணிக்கு இருவர் போய் அளந்து நோட்டில் எழுதுகிறார்கள். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை விழுந்தால் ஒரு லிட்டர். ஐம்பது சதுர மீட்டர்க் கூரையில் நூறு மில்லிமீட்டர் பெய்தால் எத்தனை லிட்டர் என்று அவர்களைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.

போன மாதம் அந்தத் தாத்தா பேரனை விட வந்தவர், வேலிப் பக்கம் நின்று நெடுநேரம் பார்த்தார். "கிராணி பார்க்கிற மாதிரியே பார்க்குதுங்க" என்றார். அவருடைய அப்பா எந்தத் தோட்டத்தில் இருந்தார், தண்ணீர் லயத்தின் எந்தப் படி வரை வந்தது என்று கேட்டு, நோட்டின் முதல் பக்கத்தில் பிள்ளைகள் எழுதியிருக்கிறார்கள். இரண்டாம் பக்கம் காலியாக இருக்கிறது. வெள்ளமோ வறட்சியோ புகைமூட்டமோ, ஆண்டும் இடமும் நினைவிருக்கிற பெரியவர்கள் விழா முடிந்ததும் ஐந்தாம் ஆண்டு வகுப்பறைக்கு வந்து சொல்லிவிட்டுப் போகவேண்டும். பேனாவுடன் பிள்ளைகள் காத்திருப்பார்கள்.