பூட்டாத பீரோ



நம் பள்ளிச் சந்திப்புக்கான பட்டியல் லிங்க்கை நேற்று பேத்தியின் போனில் தட்டினேன். கடவுச்சொல் கேட்காமலே திறந்தது. பெயர், செல் நம்பர், பிறந்த தேதி, வீட்டு முகவரி எல்லாம் இருந்தன. யார் தட்டினாலும் இப்படித்தான் திறக்கும். அதனால்தான் இந்தப் பதிவு.

தகவல் கசிந்தது என்றால் யாரோ பூட்டை உடைத்ததாக நினைக்கிறோம். பல நேரம் பூட்டே போட்டிருக்க மாட்டார்கள்.

2017 ஏப்ரலில் ஜார்க்கண்ட் அரசு இணையதளம் ஒன்றில் 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ஓய்வூதியர்களின் ஆதார் எண், முகவரி, வங்கிக் கணக்கு எண் வெளியே தெரிந்தன. காரணம், நிரலில் ஒரு பிழை. அதே ஆண்டு ஆகஸ்ட் 24 அன்று, ஓய்வு பெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமனதாக அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள்.

அடுத்த மாதம், ஆசிரியர் தினத்தன்று, 'தீக்ஷா' தொடங்கப்பட்டது. நம் பாடநூல்களின் க்யூஆர் கோடு வழியாகத் திறக்குமே, அதுதான். அதன் கோப்புகள் இருந்த ஒரு சர்வர் ஓராண்டுக்கு மேல் பாதுகாப்பின்றிக் கிடந்ததை 2023 ஜனவரியில் 'வயர்டு' இதழ் வெளியிட்டது. 10 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் பெயர், போன் நம்பர், மின்னஞ்சல். சுமார் 6 லட்சம் மாணவர்களின் விவரங்கள். உங்களில் எத்தனை பேர் இன்று ஆசிரியர்கள்! அந்த ஆகஸ்டில்தான் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது.

பட்டியல் போட்ட தம்பியைக் குறை சொல்லவில்லை. நானும் செய்தவன்தான். தொண்ணூறுகளில் உதவித்தொகைப் பட்டியலை, பெற்றோர் வருமானத்தோடு, அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். எல்லோரும் போகும்வரை காத்திருந்து ஒரு பையன் தன் பெயரைத் தேடினான். தலை நிமிரவில்லை. ஏன் என்று அன்று எனக்குப் புரியவில்லை. தம்பி, நீ இதைப் படித்தால் இந்த வாத்தியாரை மன்னித்துவிடு.

பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் பர்ஸை இடுப்பில் செருகிக்கொண்டு நடக்கிறவர்கள் நாம். அந்த லிங்க்கையும் நம் ஆட்கள் மட்டும் திறக்கும்படி இன்றே மாற்றிவிடுங்கள். பிறந்த தேதியும் முகவரியும் சாப்பாட்டுக் கணக்குக்குத் தேவையில்லை, எடுத்துவிடுங்கள்.

சந்திப்பில் பார்ப்போம்.