நாக்கின் அடியில் இல்லாத புழு

நாய்க்குட்டியின் நாக்குக்கு அடியில் ஒரு புழு இருக்கிறது, அதைக் குட்டிப் பருவத்திலேயே அறுத்தெடுத்துவிட்டால் அந்த நாய்க்கு ஆயுளுக்கும் வெறி பிடிக்காது என்ற நம்பிக்கை, ஐரோப்பாவில் 1,700 ஆண்டுகளுக்கும் மேலாக நிலைத்திருந்தது. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானிய அறிஞர் பிளினி தம் ‘இயற்கை வரலாறு’ நூலில் இதைக் குறிப்பிட்டு, கிரேக்கர் அப்புழுவை ‘லிட்டா’ என அழைத்ததாகவும், நெருப்பை மூன்று முறை சுற்றிக்கொண்டு வந்த அதையே வெறிநாய் கடித்தவர்களுக்கு மருந்தாகக் கொடுத்ததாகவும் எழுதியிருக்கிறார். வெறியைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் மற்றொரு வடிவம் ‘லிஸ்ஸா’. ரேபிஸ் கிருமி சேர்ந்துள்ள ‘லிஸ்ஸாவைரஸ்’ பேரினத்தின் பெயரில் அச்சொல் இன்றும் வழங்குகிறது.

உண்மையில் அங்கே புழு எதுவும் இல்லை. நாக்கு நுனியின் அடிப்பகுதியில், நடுக்கோட்டை ஒட்டி, கொழுப்பும் தசையும் நாரும் சேர்ந்து ஓர் உறைக்குள் அடங்கிய வெண்ணிறத் தண்டு ஒன்று நீளவாக்கில் கிடக்கிறது. எல்லா நாய்களுக்கும் பிறவியிலேயே உள்ள உறுப்பு அது. குட்டியின் வாயைப் பிளந்து, நாக்கை வெளியே இழுத்து, அடித்தோலை நெடுகக் கீறி, கூரிய ஊசியைத் தண்டின் கீழே நுழைத்து நெம்பி உருவுவார்கள். இழுபட்ட தண்டு விட்டவுடன் சுருங்கித் துள்ளும். அந்தத் துள்ளலே அது உயிருள்ள புழு என்பதற்குச் சான்றாகிவிட்டது. சாமுவேல் ஜான்சனின் 1755ஆம் ஆண்டு ஆங்கில அகராதி, எடுக்கப்படுவது என்னவென்றோ அது எப்படிப் பயன் தருகிறதென்றோ எவருக்கும் தெரியாது என்று இச்செயலை விளக்கியது. அதன் பிறகும் வழக்கம் நின்றுவிடவில்லை.

அது தொடர்ந்ததற்கு வெறிநோய் அச்சம் மட்டும் காரணமன்று. குட்டிகளின் பற்களும் ஒரு காரணம். பிறந்த மூன்றாம் வாரத்திலிருந்து முளைக்கும் 28 பால் பற்கள், ஏறத்தாழ நான்காம் மாதம் தொடங்கி ஏழாம் மாதத்துக்குள் உதிர்ந்து, 42 நிலைப்பற்களுக்கு இடம் விடுகின்றன. ஈறு தடித்து நமநமக்கும் அந்த மாதங்களில் குட்டி செருப்பு, கயிறு, நாற்காலிக்கால் என அகப்பட்டதையெல்லாம் கடித்துக் குதறும். இங்கிலாந்தில் இதையும் ஒரு தீய குணமாகக் கருதி, அதை நிறுத்தவும் நாக்கைக் கீறினார்கள். 1845இல் நாய்களைப் பற்றிய பெருநூலை வெளியிட்ட விலங்கு மருத்துவர் வில்லியம் யூவாட் இவ்வழக்கத்தைக் கொடுமை எனக் கண்டித்தார். புண்பட்ட நாக்கோடு எந்தக் குட்டியும் சில நாள் எதையும் கடிக்காது. புண் ஆறுவதற்குள் பல் மாற்றமும் முடிந்துவிட்டால் குணம் திருந்தியது போலத் தோன்றியிருக்கும். இயல்பாகவே தீரவிருந்த ஈற்று நமைச்சலுக்காக எத்தனையோ குட்டிகள் இந்த வலியைப் பட்டிருக்கின்றன என்பதே இவ்வரலாற்றில் மிகவும் வருந்தத்தக்கது.

நாக்கையே பார்த்துக்கொண்டிருந்த கண்களுக்கு, பல் மாறும் பருவத்தின் மெய்யான கோளாறுகள் எளிதில் புலப்பட்டிருக்க முடியாது. அவற்றுள் ஒன்று பால் கோரைப்பல் விழாமல் தங்கிவிடுவது. சிறிய இன நாய்களில் இது மிகுதி. அப்போது கீழ்த்தாடையின் நிலைக் கோரைப்பல் உட்புறமாகச் சாய்ந்து மேலண்ணத்தில் குத்துகிறது. தங்கிய பல்லைக் காலத்தோடு பிடுங்கிவிடுவதே அதற்குரிய மருத்துவம். மற்றொன்று டிஸ்டெம்பர் என்னும் தொற்றுநோயால் வருவது. அந்நோயை உண்டாக்குவது நுண்வடிகட்டியிலும் தங்காத கிருமி, அதாவது வைரஸ், என்று பிரெஞ்சு விலங்கு மருத்துவர் ஆன்ரி காரே 1905இல் காட்டினார். குட்டிகளை இந்நோய் பெரிதும் தாக்குவது பற்கள் மாறும் அதே மாதங்களில்தான். ஈறுக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் நிலைப்பல்லின் எனாமல் பூச்சை ஆக்கும் செல்களை அது சிதைத்துவிடுவதால், நோயிலிருந்து பிழைத்த குட்டிக்குப் பற்கள் குழியும் பழுப்புத் திட்டுமாக முளைக்கின்றன. எனாமல் மீண்டும் வளராதாகையால், அந்தத் தழும்பு நாயின் வாயில் கடைசிவரை இருக்கிறது.