‘டூ அவே வித்’: நீக்கச் சொல்கிறோமா, திருத்தச் சொல்கிறோமா?

மட்டக்களப்பு வாவியோரம் காந்தி பூங்காவில் நடக்கும் கவனயீர்ப்புப் போராட்டங்களில் பலமுறை கேட்ட கோரிக்கை, பயங்கரவாதத் தடைச் சட்டத்தை நீக்க வேண்டும் என்பது. அதையே ஆங்கில மகஜராக எழுதும்போது வினைச்சொல் ஒன்று பிசகினால் கோரிக்கையே மாறிவிடும்.

‘டூ அவே வித்’ என்றால் ஒன்றை முற்றாக இல்லாமற் செய்வது. சட்டம், வரி, வழக்கம், நடைமுறை எதற்கும் பொருந்தும். இதன் அருகில் வரும் மூன்று சொற்களைப் பிரித்தறிவது அவசியம்.

‘அமெண்ட்’: சட்டம் இருக்கும், சில பகுதிகள் மட்டும் மாறும்.
‘ரிப்ளேஸ் வித்’: பழையது போகும், வேறொன்று அதன் இடத்துக்கு வரும்.
‘ஃபேஸ் அவுட்’: உடனடியாக அல்ல, படிப்படியாக நீக்குவது.

இந்த வேறுபாட்டை நாம் அனுபவித்தே அறிந்திருக்கிறோம். 1979இல் தற்காலிக ஏற்பாடாக வந்த 48ஆம் இலக்கச் சட்டம் 1982இல் நிரந்தரமாக்கப்பட்டது. 2015இல் இலங்கையும் இணை அனுசரணை வழங்கிய ஜெனிவாத் தீர்மானம், இதனை நீக்கி வேறொரு சட்டத்தைக் கொண்டுவரும் உறுதிமொழியைப் பதிவு செய்தது. அதாவது நீக்கம் மட்டுமல்ல, ‘ரிப்ளேஸ் வித்’தும் அதில் இருந்தது. 2022இல் கிடைத்தது ‘அமெண்ட்’ மட்டுமே. தடுப்புக் கட்டளையின் உச்சக் காலம் 18 மாதத்திலிருந்து 12 மாதமாகக் குறைந்தது. உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் ஒருவரிடமோ அவருக்கு மேற்பட்ட தரத்தினரிடமோ அளிக்கும் ஒப்புதல் வாக்குமூலத்தைச் சாட்சியமாக ஏற்கும் பிரிவு அப்படியே இருந்தது.

எழுதும்போது மூன்று விடயங்களைக் கவனியுங்கள்.

ஒன்று, ‘வித்’தை விடக்கூடாது. தமிழில் ‘சட்டத்தை நீக்கு’ என்று பொருள் முன்னால் வரும். ஆங்கிலத்தில் அது ‘வித்’துக்குப் பின்னால் வரும்: ‘டூ அவே வித் தி அக்ட்’. இறந்தகாலம் ‘டிட் அவே வித்’. நீக்கப்பட்டது என்பதற்கு ‘வோஸ் டன் அவே வித்’.

இரண்டு, இது பேச்சுக்கும் செய்திக்கும் ஏற்ற சொல். மகஜர், சட்டத்தரணிக்கான கடிதம் போன்றவற்றில் சட்டத்தைக் குறித்து ‘ரிப்பீல்’ என்றே எழுதுங்கள். அதற்கு வேறு அர்த்தம் எடுக்க இடமில்லை.

மூன்று, மனிதரைக் குறித்து இச்சொல்லைப் பயன்படுத்தவே வேண்டாம். அப்போது ‘கொன்றுவிடு’ என்ற பொருள் வந்துவிடும். பட்டியலிலிருந்து ஒருவரின் பெயரை எடுக்கச் சொல்ல ‘ரிமூவ்’ போதும்.

ஆங்கில அறிக்கையொன்று கைக்கு வந்தால் முதலில் வினைச்சொல்லைத் தேடுங்கள். அது நிறைவேறிய பிறகு பழைய சட்டத்தின் கீழ் ஒருவரைக் கைது செய்ய முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். முடியுமென்றால், அங்கே பேசப்படுவது நீக்கம் அல்ல.