41 வினாடி: புதுச்சேரியில் ஒரு கிரகணக் கணக்கும் அதோட பிழையும்

1/ நம்ம ஊர்ப் பெருமையா அடிக்கடி பகிரப்படுற ஒரு தகவல்: 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடிக்கும்னு கணிச்சதுல ஐரோப்பியரோட பிழை 68 வினாடி, புதுச்சேரி வட்டாரத் தமிழரோட பிழை 41 வினாடி. "பாத்தீங்களா, நாம ஜெயிச்சோம்!" எண்கள் உண்மைதான். ஜெயிச்சோமா? அதைத்தான் இந்தப் பதிவுல பார்க்கப் போறோம்.

2/ எண்ணைப் பதிவு பண்ணவர் கியோம் லெ ஜென்டில், பிரெஞ்சு வானியலாளர். சூரியனை வெள்ளி கடக்குறதைப் பல ஊர்கள்ல இருந்து நேரம் குறிச்சா, சூரியன் எவ்வளவு தூரம்னு கணக்குப் போடலாம். அதுக்காக 1760-ல பிரான்ஸை விட்டுப் புதுச்சேரிக்குக் கிளம்பினார்.

3/ வர்ற வழியிலயே சேதி: புதுச்சேரி இங்கிலீஷ்காரங்க கையில. 1761 ஜூன் 6 அன்னிக்கு நடுக்கடல்ல கப்பல் தளத்துல நின்னு வெள்ளியைப் பார்த்தார். ஆனா ஆடுற கப்பல்ல ஊசல் கடிகாரம் ஒழுங்கா ஓடாது, கப்பல் எந்த இடத்துல இருக்குன்னும் துல்லியமா தெரியாது. கண்ணால பார்த்தாச்சு, அளக்க முடியல. பார்க்கிறது வேற, அளக்கிறது வேற!

4/ அடுத்த வாய்ப்பு 1769. மனுஷன் ஊர் திரும்பாம இந்தப் பக்கமே காத்திருந்தார். 1768 மார்ச்சுல புதுச்சேரி வந்தார். இடிஞ்ச கோட்டை மேல அவருக்கு ஆய்வுக்கூடம் கட்டிக் கொடுத்தாங்க. 1769 ஜூன் 4 காலையில... மேகம். வெள்ளி கடந்து முடிஞ்ச பிறகு சூரியன் பளிச்சுனு வந்துச்சு.

5/ ஆனா அந்தக் காத்திருப்புல அவர் ஒண்ணு கத்துக்கிட்டார். நம்ம ஊர்ப் பஞ்சாங்கக் கணக்கு. பேப்பர் கிடையாது, பேனா கிடையாது. சோழிகளைத் தரையில வச்சு நகர்த்துவாங்க. அட்டவணை எல்லாம் மனப்பாடம், சொற்களா. முக்கால் மணி நேரத்துக்குள்ள ஒரு கிரகணக் கணக்கு முடிஞ்சிடும். அசந்துட்டார்.

6/ 1765 கிரகணத்தை வச்சு சரிபார்த்தார். தமிழர் சொன்ன கால அளவு 41 வினாடி குறைவு. தோபியாஸ் மேயர்ங்கிற ஜெர்மானியரோட அட்டவணைப்படி 68 வினாடி அதிகம்.

7/ இப்ப ஒரு அளவுத்திருத்த ஆய்வகத்துல முதல் நாளே கேட்கிற கேள்வியைக் கேளுங்க: "எதோட ஒப்பிட்டு 41? அந்த 'எது' எவ்வளவு நம்பகம்?" கிரகணத்துல பூமி நிழலோட ஓரம் கோடு போட்ட மாதிரி இருக்காது, மங்கலா இருக்கும். நிழல் எப்ப தொட்டுச்சுன்னு ரெண்டு பேர் பார்த்தா ரெண்டு நேரம் சொல்வாங்க.

8/ சும்மா ஒரு பேச்சுக்கு, தொடக்கத்துல ±30 வினாடி, முடிவுல ±30 வினாடின்னு வைப்போம். கால அளவுல மொத்தம் ±60-ஆ? இல்ல. ரெண்டு தவறும் ஒண்ணையொண்ணு சார்ந்தது இல்ல, சில நேரம் ஒண்ணை ஒண்ணு அடிச்சிடும். அதனால வர்க்கப்படுத்திக் கூட்டி, வர்க்கமூலம் எடுப்பாங்க: 900 + 900 = 1800, மூலம் சுமார் 42. ஏறக்குறைய 95% உறுதியோட சொல்லணும்னா இதை ரெண்டு மடங்காக்கணும்: ±85.

9/ அப்போ 41, 68 ரெண்டுமே அந்த வரம்புக்குள்ள!

"30 ஜாஸ்தி டாக்டர்"னு நீங்க சொல்லலாம். சரி, இதைப் பாருங்க. ஒண்ணு குறைவு, இன்னொண்ணு அதிகம். நேரம் குறிச்சவர் நிஜத்தை விட 14 வினாடி குறைவா குறிச்சிருந்தாலே போதும்: தமிழர் பிழை 55, மேயர் பிழை 54. மேட்ச் டிரா.

10/ அடுத்த கேள்வி: ஒரே ஒரு அளவீட்டை வச்சு ஒரு முறையை எடை போடலாமா? 1825-ல வெளிவந்த 'காலசங்கலித' நூலை எழுதின ஜான் வாரன், அதே புதுச்சேரியில, அதே சோழி வழியில கணக்குப் போட்ட இன்னொருத்தரைக் கண்டுபிடிச்சார். 1825 மே 31 - ஜூன் 1 சந்திர கிரகணம். பிழை: தொடக்கத்துல 4 நிமிஷம், நடுவுல 23 நிமிஷம், முடிவுல 52 நிமிஷம். வினாடி இல்ல, நிமிஷம்!

11/ முதலாவதைப் பகிர்றவங்க யாரும் ரெண்டாவதைப் பகிர்றதில்ல. நல்லா வந்த ரீடிங்கை மட்டும் எடுத்துக்கிட்டு மத்ததை மறைச்சா, அது ஆஸ்பத்திரியிலயும் ஆபத்து. ஒரு தடவை 142 காட்டினதும் உங்களுக்கு ரத்தக்கொதிப்பு மாத்திரை எழுதக் கூடாது, ஒரு தடவை 128 வந்ததும் நிறுத்தவும் கூடாது. பி.பி. கருவிக்கே சர்வதேச அளவுகோல் ரெண்டு எண் கேட்குது: சராசரி விலகல் 5-க்குள்ள, சிதறல் 8-க்குள்ள. பல பேர்கிட்ட, பல தடவை அளந்த பிறகு.

12/ இதனால நம்ம ஆள் சிறுமையாயிட்டாரா? இல்லவே இல்ல. தாள் தொடாம நிலாவைக் கணிக்கிற மூளை சாதாரணம் கிடையாது. ஆனா மனப்பாட அட்டவணையை வானத்தோட ஒப்பிட்டுத் திருத்தாம விட்டா பிழை சேர்ந்துக்கிட்டே போகும். அதையும் நம்ம பக்கத்துலயே ஒருத்தர் புரிஞ்சு வச்சிருந்தார். கேரளத்தின் பரமேஸ்வரர் 55 வருஷம் வானத்தைப் பார்த்துப் பார்த்து, 1431-ல 'திருக்கணிதம்' எழுதினார். அதுக்குப் பேர்தான் கேலிபரேஷன்.

13/ லெ ஜென்டில் 1771-ல ஊர் போய்ச் சேர்ந்தப்போ, அவர் செத்துட்டார்னு சொத்தைப் பிரிக்கிற வேலை நடந்துக்கிட்டிருந்தது. அவரோட அளவீடு இல்லாமலே, மத்த ஊர்க்காரங்க எடுத்த அளவுகளைச் சேர்த்து சூரியனோட தூரம் சுமார் 15.3 கோடி கி.மீ.ன்னு கணக்கிட்டாங்க. இன்னிக்கு நமக்குத் தெரிஞ்சது 14.96 கோடி. சுமார் 2% பிழை. எந்தத் தனி ஆளும் ஜெயிக்கல, எல்லாரோட எண்ணும் சேர்ந்து ஜெயிச்சது.

14/ அடுத்த தடவை யாராவது "41 வினாடி"ன்னு அனுப்பினா சண்டை போடாதீங்க. 1825 கதையையும் சேர்த்து அனுப்புங்க. அப்படியே உங்க வீட்டு பி.பி. மெஷினை ஆஸ்பத்திரிக்கு எடுத்துட்டு வந்து, ஒரு தடவை ஒப்பிட்டுப் பார்த்துக்கோங்க.