அரிவாளும் கையும்
எங்கள் பக்கம் அரிவாள் இல்லாத வீடு கிடையாது. அது எப்போது ஆயுதமாகிறது? லிட்டன் காலத்து 1878 ஆயுதச் சட்டம் ஒளிக்காமல் பதில் சொன்னது: ஐரோப்பியருக்கு உரிமம் தேவையில்லை, நம்மவர் உரிமமின்றி ஆயுதத்தோடு திரிந்தால் 3 ஆண்டு வரை சிறை. கத்தியைப் பார்க்குமுன் பிடித்த கையின் நிறத்தைப் பார்த்த சட்டம் அது.

1959 சட்டத்தில் நிறத்துக்கு இடமில்லை. 9 அங்குலத்துக்கு மேல் நீளம் அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகலம் என்று 1962 விதிகள் அளவு வகுத்தன. வீட்டுக்கும் வயலுக்குமான கருவிகளுக்கு விலக்கும் உண்டு. ஆனால் ராத்திரி ரோட்டில் மறிக்கப்படும் கூலிக்காரன் கையிலிருப்பது எதற்கானது என்று முதலில் தீர்மானிப்பவர் போலீஸ்காரர்தானே? கோர்ட் பிறகு விடுவிக்கலாம். உள்ளே கிடந்த நாட்களை யார் திருப்பித் தருவது? கையைப் பார்த்துக் கத்திக்குப் பேர் வைக்கிற பழக்கம் ஏட்டில் ஒழிந்தது, ரோட்டில் ஒழியவில்லை என்றே நான் வாசிக்கிறேன்.