குழந்தை வளர்ச்சி ஆய்வின் வரலாறு: எடை அட்டையில் உள்ள கோடு எங்கிருந்து வந்தது?

பிறந்த குழந்தை எந்த வயதில் தலை நிமிர்த்துகிறது, எப்போது உட்காருகிறது, எப்போது பேசுகிறது, அதன் எடையும் உயரமும் எந்த வேகத்தில் கூடுகின்றன, இவை ஏன் குழந்தைக்குக் குழந்தை வேறுபடுகின்றன என்று ஆராயும் துறை குழந்தை வளர்ச்சி ஆய்வு ஆகும். உளவியல், மருத்துவம், கல்வி ஆகிய மூன்று துறைகளுக்கும் இதில் பங்கு உண்டு.

இந்த ஆய்வின் பயனைப் பார்க்கப் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டியதில்லை. விழுப்புரம் மாவட்டத்தில், ராஜகிரிக் கோட்டை நிற்கும் செஞ்சியைச் சுற்றிய ஊர்களின் அங்கன்வாடிகளில் (ஊர்மக்கள் வாயில் இன்னும் பால்வாடிதான்) குழந்தைகளுக்கு எடை பார்க்கிறார்கள். தமிழ்நாட்டின் மற்ற வட்டாரங்களிலும் இதே வழக்கம்தான். எடையை வளர்ச்சி அட்டையில் புள்ளியாகக் குறிப்பார்கள். புள்ளி பச்சையில் விழுந்தால் இயல்பு, மஞ்சளில் விழுந்தால் எடைக்குறைவு, ஆரஞ்சில் விழுந்தால் கடுமையான எடைக்குறைவு. வெளியே சாதாரணமாகத் தெரியும் இந்த வண்ணக் கோடுகளுக்குப் பின்னால் இருநூறு ஆண்டுக் கேள்வி ஒன்று இருக்கிறது. எந்தக் குழந்தையை அளந்து, அதை எல்லாக் குழந்தைகளுக்கும் அளவாக வைப்பது?

தொடக்கத்தில் ஆய்வாளர்கள் தங்கள் சொந்தக் குழந்தைகளையே அளவாகக் கொண்டனர். ஜெர்மானிய மெய்யியலாளர் டீட்ரிச் டீடமன் தம் மகனைப் பற்றி எழுதிய குறிப்புகள் 1787இல் வெளிவந்தன. சார்லஸ் டார்வின் 1839இல் பிறந்த தம் மூத்த மகன் வில்லியத்தைக் கவனித்துக் குறிப்பெடுத்தார். அதை ஏறத்தாழ 37 ஆண்டுகள் பெட்டியில் வைத்திருந்து, 1877இல் 'மைண்ட்' இதழில் வெளியிட்டார். 1882இல் வில்லியம் பிரையர் எழுதிய 'குழந்தையின் மனம்' என்ற நூலும் அவருடைய மகனைப் பற்றியதே. பின்னாளில் ஜெனிவாவில் ஜான் பியாஜே தம் மூன்று குழந்தைகளைக் கவனித்துத்தான் முதல் இரண்டு ஆண்டுகளின் அறிவு வளர்ச்சியை விளக்கினார். அவர்கள் கூர்ந்து பார்த்தார்கள் என்பதில் ஐயமில்லை. ஆனால் பார்க்கப்பட்டவை படித்த, வசதியான ஐரோப்பியக் குடும்பத்துக் குழந்தைகள்.

எண்ணிக்கையில் பல குழந்தைகளைச் சோதிக்கும் முறை 20ஆம் நூற்றாண்டில் வந்தது. 1905இல் பாரிசில் ஆல்ஃபிரட் பினேயும் தியோடர் சைமனும் பள்ளிக் குழந்தைகளுக்கான அறிவுச் சோதனையை அமைத்தனர். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஆர்னால்ட் கெசல் குழந்தைகளைப் படச்சுருளில் பதிவு செய்து, மாதவாரியாக வளர்ச்சிப் படிகளை வகுத்தார். அந்தச் சோதனைகள் இந்தியாவுக்கும் வந்தன. அவற்றை அப்படியே மொழிபெயர்த்தால் போதாது என்று உணர்ந்தவர்களில் வி. வி. காமத் ஒருவர். பினே சோதனையைக் கன்னட, மராத்திக் குழந்தைகளுக்கு ஏற்ப மாற்றி அமைத்து, 1940இல் நூலாக்கினார்.

அதே காலத்தில் சென்னை வேறொரு போக்கைக் கண்டது. பிரம்மஞான சபைத் தலைவர் ஜார்ஜ் அருண்டேல், ருக்மிணி தேவி ஆகியோரின் அழைப்பில் மரியா மாண்டிசோரி 1939 நவம்பரில் அடையாறு வந்தார். அவருடைய பயிற்சி வகுப்பில் சுமார் 300 பேர் சேர்ந்தனர். அவர் இத்தாலிய மொழியில் பேச, மகன் மாரியோ ஆங்கிலத்தில் பெயர்த்துச் சொன்னார். 1940 ஜூனில் இத்தாலி போரில் இறங்கியதும் மாரியோவை ஆங்கில அரசு சிறை முகாமில் வைத்தது. மாண்டிசோரியின் 70ஆம் பிறந்தநாளை ஒட்டி அவர் விடுவிக்கப்பட்டார். சில மாதங்கள் என்று வந்தவர் போர் முடியும்வரை இந்தியாவிலேயே இருந்தார். அதில் ஒரு பகுதி கொடைக்கானலில் கழிந்தது. பிறப்பு முதல் மூன்று வயது வரையிலான பருவத்தை விரிவாகப் பேசும் அவருடைய 'உள்வாங்கும் மனம்' நூல் 1949இல் அடையாறில்தான் முதலில் அச்சானது. வளர்ச்சிப் படிகள் மனிதக் குழந்தைகள் எல்லோருக்கும் பொது என்பது அவர் நம்பிக்கை. அளப்பதைவிடக் கவனிப்பதே அவர் வழி. அந்த வழி தமிழ்நாட்டில் பெரும்பாலும் நகரத்துத் தனியார் பள்ளிகளோடு நின்றது. சிற்றூர்களுக்குக் குழந்தை வளர்ச்சி ஆய்வு வந்து சேர்ந்தது தொங்கு தராசின் வழியாக.

ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தை இந்திய அரசு 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கியது. உலக வங்கிக் கடனுதவியுடன் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் 1980இல் மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டியில் தொடங்கியது. இத்திட்டத்தில் 6 முதல் 36 மாதக் குழந்தைகளை மாதந்தோறும் நிறுத்து, எடை ஏறாமல் தேங்கிய குழந்தைக்கு மட்டும் குறிப்பிட்ட காலத்துக்குச் சத்துணவு கொடுத்தார்கள். அதாவது சத்துமாவு யாருக்குக் கிடைக்கும் என்பதைத் தராசும் அட்டையும் முடிவு செய்தன. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் இதற்கு நேர் எதிரான எண்ணத்தில் அமைந்தது. அங்கே வந்த குழந்தைக்கெல்லாம் சோறு.

அட்டையில் இருந்த கோடுகளோ அமெரிக்காவிலிருந்து வந்தவை. 'ஹார்வர்டு அளவு' எனப்படும் இது, 1930களில் பாஸ்டன் நகரக் குழந்தைகளை அளந்து உருவானது. இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 1972இல் அதை இந்தியாவுக்காகச் சற்றுத் தளர்த்தியது. ஹார்வர்டு நடு அளவில் 80 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் இயல்பு. 71 முதல் 80 வரை முதல் நிலை, 61 முதல் 70 வரை இரண்டாம் நிலை, அதற்குக் கீழே மூன்றும் நான்கும். ஏழை நாட்டுக் குழந்தை கொஞ்சம் சிறிதாக இருப்பது இயல்பே என்ற எண்ணம் இந்தத் தளர்வுக்குள் ஒளிந்திருந்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

இந்த எண்ணத்தைச் சோதித்தது உலகச் சுகாதார நிறுவனத்தின் ஆய்வு. 1997 முதல் 2003 வரை பிரேசிலின் பெலோட்டாஸ், கானாவின் அக்ரா, தெற்கு டெல்லி, நார்வேயின் ஆஸ்லோ, ஓமனின் மஸ்கட், கலிபோர்னியாவின் டேவிஸ் ஆகிய ஆறு இடங்களில் சுமார் 8,500 குழந்தைகள் அளக்கப்பட்டனர். தாய்ப்பால் குடித்த, தாய் புகைபிடிக்காத, வறுமை தடுக்காத வீட்டுக் குழந்தைகளாகத் தேர்ந்தெடுத்தனர். முடிவு தெளிவாக இருந்தது. குழந்தைகளின் நீள வேறுபாட்டில் ஊருக்கு ஊர் உள்ள பங்கு ஏறத்தாழ 3 விழுக்காடுதான்; ஒரே ஊருக்குள் குழந்தைக்குக் குழந்தை உள்ள வேறுபாடே பெரிது. முதல் ஐந்து ஆண்டுகளில் குழந்தை சிறுத்திருப்பதற்கு இனத்தைவிட உணவும் நோயும் சூழலுமே பெரிய காரணம் என்பது இதன் பொருள்.

2006இல் வெளியான இந்தப் புதிய அளவை இந்தியா 2008இல் ஏற்றது. விளைவை ஓர் எடுத்துக்காட்டால் பார்க்கலாம். இரண்டு வயது ஆண் குழந்தை 8.2 கிலோ இருப்பதாகக் கொள்வோம். பழைய முறையில் அது இரண்டாம் நிலை, 'கடுமை' அல்ல. புதிய அட்டையில் இரண்டு வயது ஆண் குழந்தைக்குக் கடுமையான எடைக்குறைவின் எல்லை 8.6 கிலோ. ஆகவே அதே குழந்தை ஆரஞ்சுப் பட்டைக்குள் விழுகிறது. 2009இல் திருத்தப்பட்ட விதிப்படி, சாதாரணக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 500 கலோரி துணை உணவு என்றால், கடுமையான எடைக்குறைவுள்ள குழந்தைக்கு 800 கலோரி. கோடு நகர்ந்தபோது அந்த 300 கலோரியும் நகர்ந்தது.

இதே ஆய்வு, ஐந்து நாடுகளில் குழந்தைகளின் அசைவுகளையும் பதிவு செய்தது. துணையின்றி உட்காருவது 3.8 மாதம் முதல் 9.2 மாதத்துக்குள், தனியே நடப்பது 8.2 முதல் 17.6 மாதத்துக்குள் என்று, ஒற்றை மாதமாக அல்லாமல் ஓர் இடைவெளியாகவே அளவு தரப்பட்டது. ஏறத்தாழ 4 விழுக்காட்டுக் குழந்தைகள் முட்டி போட்டுத் தவழாமலே நடந்துவிட்டார்கள். பிள்ளைத்தமிழ் படித்தவர்களுக்கு இங்கே ஓர் ஒப்பீடு தோன்றும். கைகளை ஊன்றித் தலையை நிமிர்த்தி ஆடும் செங்கீரை ஐந்தாம் மாதம், உட்கார்ந்து கைகொட்டும் சப்பாணி ஒன்பதாம் மாதம், தளர்நடையிட்டு வரும் வருகை ஓராண்டை ஒட்டி என்பது மரபு. மாதக் கணக்கில் பாட்டியல் நூல்களிடையே சிறு வேறுபாடு உண்டு. அது இலக்கிய மரபு, அளவீடு அல்ல. ஆயினும் மூன்று பருவங்களும் இன்றைய கணக்குக்கு அதிகம் விலகவில்லை.

எடை உடம்பைப் பற்றித்தான் சொல்லும். பேச்சு, கவனம், விளையாட்டு ஆகியவற்றுக்கு வேறு கருவி வேண்டும். அமெரிக்காவின் பெய்லி அளவுகோலை பரோடாவில் பிரமிளா பாடக் இந்தியக் குழந்தைகளிடம் சோதித்து, இங்கத்திய அளவுகளை 1970களில் வகுத்தார். அதிலிருந்து 17 கூறுகளை எடுத்து, முதல் இரண்டு ஆண்டுகளுக்கான எளிய அட்டை ஒன்றைத் திருவனந்தபுரத்தில் 1991இல் உருவாக்கினர். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, எட்டு நாடுகளில் நடந்த மால்-எட் ஆய்வில் ஓர் இடமாக இருந்து, பிறந்தது முதல் குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தது. அடிக்கடி வரும் குடல் தொற்று, உணவு, உடல் வளர்ச்சி, அறிவு வளர்ச்சி ஆகியவற்றுக்கிடையே உள்ள தொடர்பே அதன் பொருள்.

இன்று அங்கன்வாடிப் பணியாளர் எடையையும் உயரத்தையும் கைபேசிச் செயலியில் பதிவு செய்கிறார். நிறத்தைச் செயலியே சொல்லிவிடுகிறது. உலக அளவுகோல் இந்தியாவில் குறைபாட்டை மிகைப்படுத்துகிறதா என்ற விவாதம் மருத்துவர்களிடையே இன்னும் நடக்கிறது. ஐந்து வயதுக்கு மேற்பட்டோருக்கு இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015இல் இந்தியத் தரவுகளைக் கொண்டே தனி அட்டை வெளியிட்டது. ஐந்து வயதுக்குட்பட்டோருக்கு 2006இன் கோடுகளையே அச்சங்கமும் பரிந்துரைக்கிறது.